முப்பத்தொன்பதுக்கு எட்டு

வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்,
கியரை உறையவைத்தால் தாங்குமா,
காசுக்குத் தகுமா என்று.
ஃபார்மிங்டனில், ப்ளூம்ஃபீல்ட் சாலையில்,
டயர் கடைக்குப் பின்னால் என் பட்டறை.
கையைத் துடைத்துக்கொண்டே "தெரியாது" என்பேன்.
அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வருஷம் மார்ச்.
ஒர்லாண்டோ மைஸ்டாஸ் ஒன்பது இருபது டாலர் தாள்களை
எண்ணி வைத்தான். டென்வருக்கு அனுப்பு என்றான்.
அங்கே ஒரு தொட்டி.
திரவ நைட்ரஜனின் மூச்சில், நாள் முழுக்க இறங்கி இறங்கி,
பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூறு.
எஃகுக்குள் இன்னும் மனசு மாறாமல் கிடக்கும் துணுக்குகள்
அந்தக் குளிரில் மாறிவிடுமாம், இறுகிவிடுமாம்.
பிறகு மெல்லச் சூடேற்றிப் பதமாக்குவார்களாம்.
இந்த "ஆம்" எதுவும் அவர்கள் காகிதத்தில் இல்லை,
நான் சேர்த்தது.

அதே வாரம் வென்டல் பெனாலிக்கும் அதே கியர்.
வளையத்தில் முப்பத்தொன்பது பல், பினியனில் எட்டு.
உறையவைப்பதெல்லாம் வேண்டாம் என்றான்:
"ஷிப்ராக்கில் ஜனவரி முழுக்க
என் வண்டி வெளியேதான் நிற்கிறது, போதாதா?"

பெஞ்சின் மேல் இரண்டு பெட்டி.
கம்ப்ரசர் குழாய் இடறி இரண்டும் தரையில்.
எண்ணெய்த்தாள் கிழிந்து,
நீலச் சீட்டு ஒன்று தனியே கிடந்தது,
யாருடையது என்று சொல்லாமல்.
ஜோடி எண்கள் பொறித்திருந்தார்கள்,
எந்த வளையத்துக்கு எந்தப் பினியன் என்று தெரிந்தது.
எந்த ஜோடி டென்வர் போய் வந்தது என்று தெரியவில்லை.
பில்லில் "ஒரு செட்" என்று மட்டும்.
அரம் வைத்துத் தேய்த்தேன். இரண்டிலும் வழுக்கியது.
முகர்ந்துகூடப் பார்த்தேன்.
போன் செய்திருக்கலாம். வெள்ளிக்கிழமை, மணி ஆறரை,
விடிந்தால் இரண்டு பேரும் வந்து நிற்பார்கள்.

பூட்டினேன்.
மஞ்சள் பூச்சைத் தடவிச் சுற்றி
பல்லின் நடுவயிற்றில் தடம் விழும்வரை
ஷிம் கழற்றி, ஷிம் சேர்த்து.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் எட்டு.
எனக்கு நம்பிக்கை என்று ஒன்று இருந்தால்
அந்த எட்டில்தான்.

அக்டோபரில் ஒர்லாண்டோவின் வண்டி ட்ரெய்லரில் வந்தது.
மூடியைத் திறந்ததும் கருகிய கந்தக வாடை.
அடியில் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பல்.
அவன் மனைவி யுலாலியா கதவில் சாய்ந்தபடி சொன்னாள்:
"முன்பெல்லாம் அந்தப் பாறைப்படியில் சக்கரம் துள்ளினால்
காலை எடுத்துவிடுவான்.
இந்த வருஷம் எடுக்கவே இல்லை.
உறையவைத்த கியராச்சே என்று மிதித்துக்கொண்டே இருந்தான்."

உறைந்தது எதுவோ, எனக்குத் தெரியாது.
குளிர் விட்டுப்போனது அவனுக்கு.

வென்டல் இன்னும் ஓட்டுகிறான், அதே படியில்,
சாதாரண கியர்தானே என்று
ஒவ்வொரு கல்லிடமும் வழி கேட்டுக்கொண்டு.
அவன் ஆக்ஸிலுக்குள்
அந்த நூற்றுத் தொண்ணூறு டிகிரி சுற்றிக்கொண்டிருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

உடைந்த பல் ஒன்று என் டிராயரில் இருக்கிறது,
ரப்பர் பேண்டுகளோடும் காலாவதியான கூப்பன்களோடும்.
வெட்டிப் பார்த்துச் சொல்ல லேப் உண்டு.
அவர்கள் கேட்பது நூற்றெண்பதுக்கு மேல்.
அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்பது தாள்களையும் ஒர்லாண்டோவிடம் திருப்பிக் கொடுத்தேன்.
ஏன் என்றான். சீட்டைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன்.
"வைத்துக்கொள்" என்றுதான் வந்தது.
அவன் கொஞ்சநேரம் உடைந்த பினியனைப் பார்த்தான்,
அதே தாள்களைப் பெஞ்சின்மேல் வைத்தான்,
கிரீஸ் படாத இடமாகத் தேடி.
"புதுசையும் டென்வருக்கு அனுப்பு.
இந்தத் தடவை இரண்டு நாள் வைக்கச் சொல்."

சீட்டைக் கம்பி போட்டுக் கட்டினேன்.